கம்பெனி சொல்லிவிட்டால் அசலா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி விற்கிறவர்களிடையே ஒரு வாக்கியம் மந்திரம்போல் புழங்குகிறது: "கம்பெனி சர்டிஃபிகேட் இருக்கு சார்." அதைச் சொன்னதும் வாங்க வந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், விலை ஒரு படி ஏற வேண்டும். ஜாகுவாரோ போர்ஷேயோ டிரையம்ஃபோ எம்.ஜி.யோ, காரைச் செய்த நிறுவனம் அல்லது அதன் ஆவணக் காப்பகம் ஒரு தாள் கொடுத்தால் கார் அசல். கொடுக்காவிட்டால் சந்தேகத்துக்கு உரியது. சென்னையிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் விவரம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களே இப்படித்தான் பேசுகிறார்கள். 2021இல் மத்திய அரசு பழங்கார்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்த பிறகு இந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது.

இது தவறான நம்பிக்கை. தாள் பொய் சொல்கிறது என்பதல்ல என் குற்றச்சாட்டு. "இந்த எண்ணுள்ள கார் அன்று எப்படி வெளியே போனது?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. நாம் கேட்பதோ, "என் முன்னால் நிற்பது எது?" என்று. இரண்டும் ஒன்றல்ல. இந்தத் தாளை இறுதித் தீர்ப்பாக உட்கார வைத்தால் நம் ஊர்களில் ஓடித் தேய்ந்த கார்களின் வரலாற்றை நாமே துடைத்தெறிவோம்.

சான்று எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதிக் கட்டணம் கட்டி அனுப்புகிறார். காப்பகத்தில் இருப்பவர் அந்த எண்ணுக்குரிய பதிவைத் தேடுகிறார். டிரையம்ஃப், எம்.ஜி. போன்றவற்றின் பேரேடுகள் இங்கிலாந்தில் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட். பழைய போர்ஷேக்களுக்கு 'கார்டெக்ஸ்' எனப்படும் அட்டைகள். கார் எந்தத் தேதியில் முடிந்தது, என்ன நிறம், உள்ளே என்ன மெத்தை, எந்த நாட்டுக்கு, எந்த ஏஜெண்டுக்குப் போனது என்பதையெல்லாம் எடுத்தெழுதி அழகான தாளில் அச்சிட்டு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் காரைப் பார்க்க யாரும் வருவதில்லை. வெல்டிங் தழும்பைத் தடவிப் பார்ப்பதில்லை. பானெட்டைக்கூடத் திறப்பதில்லை.

பேரேட்டின் நகல் இது. காரின் சான்று அல்ல. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்புப் பதிவேட்டில் தாத்தாவின் பெயரைத் தேடி அலைந்த குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இன்ன நாளில் இன்னாருக்கு ஒரு குழந்தை பிறந்தது என்று பதிவேடு சொல்லும். எதிரில் நிற்கும் பெரியவர்தான் அந்தக் குழந்தை என்று அது சொல்லாது. அதற்கு வேறு தாள் வேண்டும், வேறு சாட்சி வேண்டும். காருக்கு மட்டும் இந்த அடிப்படை அறிவை ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்?

முதலில் இரும்பைப் பற்றிப் பேசுவோம். புதுச்சேரி உப்பளத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு காரை வெளியில் நிறுத்தி வைத்திருப்பவருக்குக் கடல் காற்று என்ன செய்யும் என்று தெரியும். முதலில் கதவின் அடிவிளிம்பு பொரியும். அடுத்து, கால் வைக்கும் தரைத்தகடு. அதற்கும் பிறகு பேட்டரித் தட்டு, விளக்குக் கிண்ணம், சேஸிஸின் பின்முனை. டிங்கரிங் மேஸ்திரி அழுகியதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வளைத்துப் பற்றவைப்பார். சில வருடத்தில் அதுவும் பொரியும்; மறுபடி வெட்டு, மறுபடி வெல்டிங். இப்படி ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரில் ஐரோப்பாவில் வார்த்த இரும்பு எவ்வளவு, புதுச்சேரிப் பட்டறையில் வளைத்த இரும்பு எவ்வளவு? இதற்கு எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் பதில் கிடையாது. அந்தப் பேரேடு அறுபது வருடத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

எண் இருக்கிறதே என்பார்கள். எண் எங்கே இருக்கிறது? பல பழைய கார்களில் உள்ளங்கையளவு தகட்டில், இரண்டு மூன்று ரிவெட்டில் நிற்கிறது. சிலவற்றில் சேஸிஸிலேயே குத்தியிருக்கும். எண் குத்தும் பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரணச் சாமான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்களே, அது எண் இருப்பதைக் காட்டும். அந்த எண் அந்த இரும்பிலேயே பிறந்ததா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்பதைக் காட்டாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நிறுவனச் சான்று மோசடியைத் தடுக்கிறது என்கிறார்கள்; சில சமயம் அதுவே மோசடிக்குக் குறிப்பேடாகிவிடுகிறது. அசல் என்ஜின் தொலைந்துபோன காரின் உரிமையாளர் சான்றுக்கு எழுதிப்போட்டால், முதலில் இருந்த என்ஜினின் எண் என்ன என்பது பதிலில் வந்துவிடும். அதே வகை என்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண்ணைக் குத்த வேண்டியதுதான் பாக்கி. அப்புறம் 'மேட்சிங் நம்பர்' என்று விளம்பரம் செய்யலாம். போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற புகழ்பெற்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தய விதிக்காக 500 செய்தால் போதும் என்று தொடங்கி 1,580 செய்தார்கள். அதே காலத்துச் சாதாரண 911க்கு அதே தோற்றத்தைக் கொடுப்பது கைதேர்ந்த பட்டறைக்குப் பெரிய காரியமில்லை; விலையிலோ பல மடங்கு வித்தியாசம். இவ்வளவு பணம் தொங்கும் இடத்தில், காரைப் பார்க்காமல் எழுதப்பட்ட ஒரு தாள் காவல்காரனாகுமா? போர்ஷேயே அமெரிக்காவில் பல காலம் 'அசல் சான்று' என்று பெயரிட்டுத் தந்துவந்த தாளை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக உற்பத்தி விவரக் குறிப்பைத் தரத் தொடங்கியது. நிறுவனம் பின்வாங்கிய இடத்தில் நம் வியாபாரிகள் இன்னும் கொடி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேரேட்டில் எழுதியதாவது முழு உண்மையா என்றால், அதுவும் நிச்சயமில்லை. அதை எழுதியவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர். கணக்குக்கும் சரக்கனுப்பவும் எழுதிய குமாஸ்தாக்கள். பந்தயக் கார்கள் விஷயத்தில் தொழிற்சாலைகளே எண்ணோடு விளையாடியிருக்கின்றன. ஐரோப்பாவில் ஒவ்வொரு எல்லையிலும் சுங்கத் தாளில் உள்ள எண் காரில் இருந்தாக வேண்டும். குறித்த கார் விபத்தில் நொறுங்கிவிட்டாலோ தயாராகாவிட்டாலோ, வேறு காரில் அதே எண்ணை மாட்டி அனுப்பினார்கள். ஒரே எண்ணைச் சுமந்த இரண்டு கார்கள் பின்னாளில் ஏலத்துக்கு வந்து நீதிமன்றப் படியேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவதாக, நம் ஊருக்கு வருவோம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டத் தொடங்கியது. அதே 1948இல் பிறந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பெருங்களத்தூர் - வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு கார்களையும், 1961 முதல் ஹெரால்டையும் செய்தது. தொடக்கத்தில் இவை பாகம் பாகமாகப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் வந்தன. பேரேட்டை எழுதிய இங்கிலாந்துக் குமாஸ்தாவைப் பொறுத்தவரை கதை அந்தப் பெட்டியோடு முடிந்தது. இந்தப் பக்கம் அதற்கு என்ன நிறம் அடித்தார்கள், எந்த இருக்கை, எந்த டயர், எந்த விளக்கு போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஹெரால்டின் கதை இன்னும் கூர்மையானது. வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காருக்கு இங்கிலாந்தில் நாலு கதவு கிடையாது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் பிறந்தது. 1972இல் அதன் தொடர்ச்சியாக வந்த கெஸலும் அப்படியே. இங்கிலாந்துப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இவை இல்லவே இல்லாத கார்கள். இவற்றைச் செய்த கம்பெனியிடம் கேட்கலாம் என்றால், 1980களின் இறுதியில் உற்பத்தி நின்று அந்தத் தொழிற்சாலையும் முடிந்துபோனது. 'கம்பெனி சான்று இல்லையென்றால் அசல் இல்லை' என்ற வாதத்தை ஒப்புக்கொண்டால், தமிழ்நாட்டில் செய்த கார் ஒன்றுகூட அசல் இல்லை.

ஹெரால்டு எங்கே, ஸ்போர்ட்ஸ் கார் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்குப் போவதற்கு அந்த உறவே வழிகாட்டியது.

மூன்றாவது விஷயம், இந்தக் கார்கள் இங்கே வாழ்ந்த வாழ்க்கை. ஐம்பதுகளின் நடுவிலிருந்து இறக்குமதி இறுகியது. உள்நாட்டில் தயாரிக்கத் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்றவை கடையைக் கட்டின. வெளிநாட்டுக் காருக்கு ஸ்பேர் கிடைக்காது. கிடைத்தாலும் விலை எட்டாது. ஆனாலும் கார் ஓடியாக வேண்டும். எனவே சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசல் என்ஜின், பெட்ரோல் குடித்துச் சொத்தை அழித்த எத்தனையோ பெரிய கார்களுக்குள் போய் உட்கார்ந்தது. அம்பாசிடர் கியர் பாக்ஸ், ஃபியட் டைனமோ, ஜீப் கார்புரேட்டர் என்று கைக்குக் கிடைத்தது பொருந்தும்படி கடைந்து மாட்டப்பட்டது. லேத் பட்டறைகளில் பிஸ்டனுக்கு ரிங் கடைந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். சோழவரம் ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குப் போன கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே போகவில்லை. கூரையை வெட்டினார்கள், இருக்கையைக் கழற்றினார்கள், என்ஜினை மாற்றினார்கள். வேகமாக ஓட வேண்டுமே!

இந்த மாற்றங்களெல்லாம் கறையா? நிறுவனச் சான்றின் கண்ணில் கறைதான்; பேரேட்டில் இல்லாத எதுவும் அதற்குக் குறையே. என் பார்வையில் அதுதான் அந்தக் காரின் இந்திய வாழ்க்கை வரலாறு. சான்றோடு பொருந்த வேண்டும் என்பதற்காக 1965இல் மாட்டிய சிம்ப்சன் என்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, போன வருடம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என்ஜினை வைத்து 'அசலாக்கிவிட்டோம்' என்று மார்தட்டுகிறார்களே, அவர்கள் அறுபது வருட உண்மையை அழித்துவிட்டு ஒரு வருடப் பொய்யை நட்டிருக்கிறார்கள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்து நீதிமன்றமே 1990இல் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காருக்கு 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வெற்றிக்குப் பின் அந்தக் கார் புரூக்லண்ட்ஸ் பந்தயத்துக்காக மாற்றப்பட்டது, பெரிய என்ஜினும் பெற்றது; 1932இல் அங்கே கோர விபத்தில் சிக்கியது; பிறகு புது உடலும் பெற்றது. 1929இன் பாகங்கள் அதில் சொற்பமே எஞ்சின. ஆனாலும் நீதிபதி ஆட்டன், பாகங்களை எண்ணி முடிவு கட்டவில்லை. அறுபடாத தொடர்ச்சியோடு, எல்லோர் கண்முன்னும் மாறிமாறி வந்த அதே கார் இது, இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். அதாவது கார் எப்படிப் பிறந்தது என்பதைவிட எப்படி வாழ்ந்து வந்தது என்பது கனமான சாட்சி. லெ மானில் வென்ற காருக்குப் பொருந்தும் இந்த நியாயம் சோழவரத்தில் ஓடிய காருக்குப் பொருந்தாதா?

நான்காவதாக, சான்று கொடுக்கும் நிறுவனம் யார் பக்கம்? நடுநிலையான மூன்றாவது ஆள் என்ற நினைப்பு பலருக்கு. ஃபெராரி 2006இல் 'கிளாஸிகே' என்ற பிரிவைத் தொடங்கிப் பழங்கார்களுக்குச் சான்று வழங்கிவருகிறது. அவர்கள் காரைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அந்த வகையில் பேரேட்டு நகலைவிட மேலானது. ஆனால் குறை கண்டால் அதைச் சரிசெய்வதும் அவர்களே. அசல் என்ஜின் போய்விட்டதா, பழைய வரைபடப்படி புதிதாக வார்த்துத் தருவார்கள், சான்றும் தருவார்கள். நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுப்பவரும் ஒரே ஆள்.

ஜாகுவார் இன்னும் ஒரு படி மேலே போனது. 1963இல் லைட்வெயிட் இ-டைப் பந்தயக் கார் 18 செய்யத் திட்டமிட்டு 12 மட்டும் செய்தார்கள். மிச்சம் ஆறு எண்கள் பேரேட்டில் காலியாகக் கிடந்தன. 2014இல் அந்த ஆறு எண்களை எடுத்து ஆறு புதுக் கார்கள் செய்து விற்றார்கள். 1957இல் தொழிற்சாலைத் தீயில் எரிந்துபோன ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்கும் ஈடாக ஒன்பது புதிதாக வந்தன. திட்டமிட்டும் செய்யாமல் விட்ட 25 டி-டைப்களும் 2018 முதல் வரத் தொடங்கின. இதில் ஒளிவுமறைவு இல்லை, புதுக் கார் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: பழைய எண் அந்த நிறுவனத்துக்கு வரலாற்றுச் சான்று மட்டுமல்ல, விற்பனைச் சரக்கும்கூட. சரக்கு விற்பவரின் சொல்லைத் தீர்ப்பாக ஏற்க முடியாது.

இனி எதிர்த்தரப்பின் வாதங்கள். முதலாவது: "இந்தத் தாளும் இல்லையென்றால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே?" தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடத்தனமான போலிகளை அது பிடித்துவிடும்: அந்த எண்ணில் கார் செய்யப்படவே இல்லை, அந்த ஆண்டில் அந்த நிறம் இல்லை என்பதையெல்லாம் சொல்லிவிடும். புத்திசாலித்தனமான போலியை அது பிடிக்காது. பெரும்பணம் புரளும் இடத்தில் மடையர்கள் குறைவு.

இரண்டாவது: "பிரான்ஸ் நாட்டிலேயே கம்பெனி சான்றை ஏற்கிறார்களே." உண்மைதான். அங்கே முப்பது வயது கடந்த காருக்குப் பழங்கார் பதிவு வாங்க, அதைச் செய்த நிறுவனத்தின் சான்றோ எஃப்.எஃப்.வி.இ. என்ற பழங்கார் கூட்டமைப்பின் சான்றோ வேண்டும். ஆனால் அந்தச் சான்று எதற்கு? காரின் வயதையும் தொழில்நுட்ப விவரத்தையும் அரசுக்குச் சொல்வதற்கு. அசலா, என்ன விலை பெறும் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. நிறுவனம் இல்லாவிட்டால் வேறு வழியும் வைத்திருக்கிறார்கள். நாம் அங்கிருந்து தாளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லையை விட்டுவிட்டோம்.

மூன்றாவது: "கம்பெனியை நம்பாவிட்டால் அரசை நம்புவோம், ஆர்.சி. புத்தகம் போதும்." புதுச்சேரிக்காரனிடம் இதைச் சொல்லாதீர்கள். 2017இல் கேரள நடிகர்கள் சிலரும் பிற பணக்காரர்களும் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த விவகாரம் வெடித்தது. அங்கே வரி அதிகம், இங்கே குறைவு. ஆர்.சி. அரசு கொடுத்தது, முத்திரையும் கையெழுத்தும் அசல், முகவரிதான் பொய் என்பது குற்றச்சாட்டு. அசலான தாளில் பொய்யான விவரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் வேண்டுமா? அதனால்தான் எந்தத் தாளையும் தனியாக நம்பாதே என்கிறேன். ஒரு தாளை இன்னொரு தாளோடும், எல்லாத் தாளையும் இரும்போடும் உரசிப் பார்க்க வேண்டும்.

அந்த உரசலுக்கு வேண்டியதெல்லாம் நம்மிடம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் மாற்றம், நிற மாற்றம், உரிமை மாற்றம் எல்லாம் எண்டார்ஸ்மென்டாக ஏறியிருக்கும். வரி கட்டிய ரசீது, இன்சூரன்ஸ், எஃப்.சி., ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் தூதரகக் கார் கைமாறியிருந்தால் அதன் தாள்கள், பட்டறை பில், பந்தய நுழைவுச் சீட்டு, கல்யாண ஆல்பத்தில் பின்னால் நிற்கும் காரின் படம் எல்லாமே சாட்சிகள். பழைய பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்தால் நிறங்களின் வரிசை தெரியும். எண் குத்திய எழுத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் அதே தொகுதிக் கார்களோடு ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காரின் வயிற்றைத் திறந்து பார்த்த வயதான மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

2021 விதிகள் இங்கேதான் திருத்தம் கேட்கின்றன. ஐம்பது வயது கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இரண்டு, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துடன் தனி எண்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; பத்தாண்டுச் செல்லுபடி. இதெல்லாம் சரி. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. எதோடு ஒப்பிட்டு அசல்? தொழிற்சாலைப் பேரேட்டோடுதான் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டால், ஸ்பேர் இல்லாத காலத்தில் உயிர் பிழைத்த கார்கள் வெளியே நிற்கும். நேற்று விலைக்கு வாங்கிய பாகங்களால் அலங்கரித்த கார்கள் உள்ளே போகும்.

விதிப்படி வண்டியைப் பார்த்து முடிவு சொல்ல மாநிலங்கள் குழு அமைக்க வேண்டும். புதுச்சேரியின் குழுவிலும் தமிழ்நாட்டின் குழுவிலும் ஆர்.டி.ஓ. அதிகாரியோடு அனுபவப்பட்ட மெக்கானிக் ஒருவரும் ஆவணம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் உட்கார வேண்டும். அந்தக் காலத்திலேயே செய்து ஆர்.சி.யில் ஏறிய மாற்றத்தைக் குறையாக எண்ணாமல் வரலாறாகப் பதிய வேண்டும். அண்மையில் செய்த மாற்றத்தைத் தேதியோடு எழுத வேண்டும். நிறுவனச் சான்று வந்தால் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்; வராத காரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்குகிறவர்களும் சான்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கைக் காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்கச் செலவழிக்கட்டும். கார் அசல் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கடல் கடந்து, காரையே பார்க்காமல் வந்த ஒரு கையெழுத்து அந்தப் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிக்காது.